தாடி முளைத்த கத்தி

எஸ்கில்ஸ்டுனா பழம்பொருள் சந்தையில்
நாற்பது குரோனருக்கு வாங்கினாள் குன்வோர்.
கறுப்புப் பிடி, ஒரு விரிசல்.

சாணைக்கல்லில் தீட்டிக் கழுவினால்
கழுவக் கழுவப் போகவில்லை
விளிம்பில் ஒட்டிய கருமயிர்.
சிரைக்கப் பிறந்ததற்கே தாடி!

இரும்புத்தூள்.
காந்தம் ஏறியிருக்கிறது.

விற்றவனிடம் கேட்டாள்:
மாமனார் ஆல்கோட்டுடையதாம்,
ரேடியோ பழுதுபார்ப்பவர்.
கை நடுங்கத் தொடங்கியதும்
இழுப்பறையில் போட்டாராம்
ஸ்பீக்கர் காந்தத்தின் மேலேயே.
முப்பது வருடம்.

காந்தம் இறக்கும் சுருள் இருந்தது அவளிடம்.
சுவிட்ச்வரை போன விரல்
திரும்பிவிட்டது.
பிடியைக் கழற்றி
அலகை நூலில் தொங்கவிட்டாள்.
சுழன்றது, தயங்கியது,
வடக்கே பார்த்து நின்றது.

வடக்கே குளியலறைச் சுவர்.
சுவருக்கு அந்தப் பக்கம்
புதுக் குடித்தனக்காரன்
எலெக்ட்ரிக் ஷேவரை
ஓட்டிக்கொண்டிருந்தான்.