எண்ணிக்கை

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் விழுந்தால் முக்கால் மணி நேரம்.
சரக்கு வண்டி போய் முடிவதற்குள்
இரண்டு கொடிக்கு ஓரம் அடித்துவிடுவேன்.
மே மாதத்துக்கு நாற்பது கேட்டிருக்கிறார் ஏகாம்பரம்.
மட்டமான துணி. சிவப்பு விரலில் ஏறினால்
மண்ணெண்ணெய் போட்டாலும் போவதில்லை.

நேற்று ஆலை வாசலில் கூட்டம்.
வேலைநிறுத்தம் நீடிக்கலாமா,
தோழர்களே, கை தூக்குங்கள்.
எல்லாக் கையும் எழுந்தது.
என் கை மட்டும் சட்டைப் பைக்குள்
பீடிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது.
கொடி தைக்கிறவருக்குக் கை வலியா என்று சிரித்தார்கள்.
ஆமாம் என்றேன்.

ஒரு தடவை தூக்கியிருக்கிறேன்.
பேராக்கில். ஜப்பான்காரன் தோற்று
வெள்ளைக்காரன் இன்னும் வந்து சேராத
அந்தப் பதினைந்து நாளில்.
பதின்மூன்று வயது, பித்தான் தைக்கிற பையன்.
காட்டிலிருந்து இறங்கி வந்தார்கள் மூன்று நட்சத்திரக்காரர்கள்.
மூன்று வருஷம் கிழங்கு தின்று, காய்ச்சலில் மஞ்சளாகி,
எங்களுக்காகத்தான் சண்டை போட்டார்கள்.
அதில் பொய்யில்லை.

பால்கொட்டாயில் மேசை போட்டு
மரியசூசையை நிறுத்தினார்கள்.
குற்றம்: ஜப்பான்காரனுக்குக் கால்சட்டை தைத்தது.

தைத்தார். கூலி அரைப்படி அரிசி,
அதில் ஒரு பிடி எனக்கு.
போன வாரம் இதே மேசைக்காரர்களுக்கு
விடிய விடியத் தொப்பி தைத்ததும் அவர்தான்.
நட்சத்திரத்துக்குச் சிவப்பு பற்றாமல்
பாக்கியத்தக்காளின் கூறைச் சேலையை எடுத்துக் கொடுத்தார்.
ஒவ்வொன்றுக்கும் ஐந்து முனை.
வெட்டியது நான்.

இவன் துரோகியா?
சீனத்தில் கேட்டதை ஒருவன் தமிழில் கேட்டான்.
துப்பாக்கி எங்களைப் பார்க்கவில்லை,
தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.
முன்வரிசையில் ஒரு கை.
பிறகு, ரப்பர்க் கறை காய்ந்த, பால்வெட்டுக் கைகள்.
அப்புறம் என்னுடையது,
விரல்நுனியில் பித்தளை அங்குஸ்தானோடு.
கழற்ற மறந்திருந்தேன்.
அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.
அந்தப் பித்தளையைப் பார்த்தார்.

பாக்கியத்தக்காள் கத்தினாள்.
அவளையும் ரப்பர் வரிசைக்குள் கூட்டிப்போனார்கள்.
அதற்குக் கை கேட்கவில்லை.

ஏகாம்பரம் நல்ல மனிதர்.
என் மகளுக்கு டைபாய்டு வந்தபோது
ஸ்டான்லி ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு ராத்திரி
என்னோடு உட்கார்ந்திருந்தவர்.
அவரிடம் இதையெல்லாம் சொன்னதில்லை.
அரிவாளும் சுத்தியலும் நானே தைப்பேன்.
நட்சத்திரம் வைக்கச் சொன்னால் மட்டும்
கத்தரியை மனைவியிடம் நீட்டுவேன்.
வளைவுதானே கஷ்டம், முனை சுலபமாச்சே
என்று திட்டிக்கொண்டே வெட்டுவாள்.

கேட் தூக்கியாகிவிட்டது.
மீன் கூடைகள், ரிக்‌ஷாக்கள், ஆலைச் சைக்கிள்கள்
ஒன்றையொன்று இடித்துக்கொண்டு போகின்றன.
இன்னும் முப்பத்தெட்டு.