நடுவில் ஒரு பள்ளம்

இரவு ஷிப்டின் கடைசிக் கண்ணாடித் தகடு.
தர்வினேஷ், ஒன்பது வயது, நான்காம் வார்டு.
கண்ணில் மஞ்சள் என்று படிவத்தில் கிறுக்கியிருக்கிறார்கள்.
ஒரு சொட்டு எண்ணெய் விட்டு
லென்ஸை இறக்குகிறேன்.

நல்ல சிவப்பணு
கட்டைவிரல் அழுத்திய வடைமாவு,
ஓட்டை மட்டும் விழவில்லை.
நடுவில் வெளிறிய பள்ளம்.
இவனுக்குப் பாதிக்கு மேல்
பள்ளமே காணோம்.
சின்னச் சின்ன உருண்டை, அடர்சிவப்பு.
அழகுதான், சொல்லிவிட வேண்டும்.
முழுநிலா முகமென்று
கொஞ்சிக் கொஞ்சியே பழகிய மொழி என்னுடையது.
இங்கே உட்கார்ந்து
நிலாக்களை எண்ணி
நோய் என்று எழுதுகிறேன்.

ஐந்தாம் படிவத்தில் படித்த கணக்கு:
பக்கம் இரட்டித்தால்
தோல் நான்கு மடங்கு, வயிறு எட்டு.
வாங்குவதும் கழிப்பதும் தோல் வழியே என்றால்
பெருத்தவன் பட்டினி.
அதனால்தான் அணுக்கள் சிறியதாகவே நின்றுகொண்டன.
யானைக்கும் எறும்புக்கும்
ஏறக்குறைய ஒரே செங்கல்;
யானைக்குக் கூடுதலாய் இறக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

உருண்டை கஞ்சத் தையல்காரன்.
உள்ளிருப்பதை மூட
இதைவிடக் குறைந்த துணியில் யாராலும் முடியாது.
மடிக்க, கொசுவ, மிச்சம் இல்லை.
தோலை உள்ளிருந்து பிடிக்கும் நூல்
பிறவியிலேயே தளர்ந்தவன் இவன்;
ஓடி ஓடியே துணுக்குத் துணுக்காய் உதிர்ந்து
இந்த வடிவுக்கு வந்தவை.

மண்ணீரலில் ஒரு சந்து உண்டு,
அணுவின் அகலத்தில் பாதிகூட இராது.
பள்ளமுள்ளது மடிந்து, நீண்டு, நழுவும்.
நூற்றிருபது நாள் இதே பிழைப்பு.
உருண்டை மாட்டிக்கொள்ளும்.
அங்கே காத்திருக்கின்றன
தின்கிறவை.

ஏழு மணிக்கு சியூ லானோடு பசியாற நடக்கிறேன்.
சூலியா தெருவில் அவள் பெரியப்பா வீடு:
முகப்பு பதினைந்தடி, உள்ளே நூறடி.
நடுவில் கூரை திறந்து மழை இறங்கிய இடத்தை
போன வருஷம் மூடி
இரண்டு அறை எடுத்தார், வாடகைக்கு.
"இடம் சேர்ந்தது," என்கிறாள்,
"பகலிலும் லைட்டு, சுவரெல்லாம் வேர்வை,
அவருக்கு இப்போது இருமல்."
நான் ஒன்றும் சொல்லவில்லை.
கோப்பி ஓவில் சீனி கரைவதைப் பார்த்தேன்,
கட்டிச் சீனியாக இருந்தால்
இன்னும் அடியில் கிடந்திருக்கும்.

நாளை அவன் ரத்தத்தை
உப்பு குறைத்துக் குறைத்து வைத்த குழாய்களில் விடுவேன்.
எல்லா அணுவும் நீர் குடித்து உப்பும்.
உப்புவதற்குப் பள்ளம் வேண்டும்.
இவனுடையவை முதல் சில குழாய்களிலேயே
உடைந்து, தண்ணீரைச் சிவப்பாக்கும்.
வார்டு வாசலில் அவன் அப்பா
ரத்தம் நல்லா இருக்காம்மா என்றார்.
டாக்டர் சொல்வார் என்றேன்.
அதுதான் விதி.

திரும்பும்போது அஞ்சடியில்
தூணுக்கும் மோட்டார்சைக்கிளுக்கும் நடுவே
ஒரு சாண் இடைவெளி.
மூச்சை இழுத்து, வயிற்றை ஒட்டி,
பையைத் தலைக்குமேல் தூக்கி
பக்கவாட்டில் நுழைந்தேன்.
பொத்தான் ஒன்று தெறித்தது.
போய்விட்டேன்.