ஆமை விளக்கு

ஜப்பானில் ஆரோ ஓடிக் கழித்த கார்.
பன்னிரண்டு கட்டம் இருக்கவேண்டிய பற்றரியில்
ஏழுதான் மிச்சம்.
விற்ற பெடியன் மறைக்கவில்லை.
"ஏழுதான் அக்கா. ஆனால் நல்ல ஏழு."

நான் சங்கத்தில் கணக்கு எழுதுகிறவள்.
நல்ல ஏழு, கெட்ட ஏழு என்று
என் பேரேட்டில் இல்லை.
ஒட்டுசுட்டானிலிருந்து மாங்குளம் இருபத்தைந்து,
மாங்குளத்திலிருந்து வவுனியா நாற்பத்தைந்து,
கூட்டினால் எழுபது.
வண்டி காட்டுவது எண்பத்திரண்டு.
போகலாம்.
வருவதைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை.

அயலில் ஆளுக்கொரு கேள்வி.
கரண்ட் போனால்?
வெள்ளத்துக்குள் நின்றால்?
பற்றரி செத்தால் புதுசு என்ன விலை?
கடைசிக் கேள்வியோடு நானும்
சில இரவுகள் முழித்திருந்தேன்.
லீசிங் நாற்பத்தெட்டு மாதம்.
பற்றரி அதுவரை கிடக்குமா என்று எழுத
ஒரு நிரல் கீறி
வெறுமையாய் விட்டிருக்கிறேன்.

பெற்றோல் வரிசையில் மோட்டார்சைக்கிளோடு
இரண்டு இரவு படுத்தெழும்பி
மூன்றாம் நாள் "முடிஞ்சுது" என்ற மட்டையைப் பார்த்ததும்
அதே கொப்பியில்தான் இருக்கிறது.
அதற்கும் முந்தி
மண்ணெண்ணெயில் வண்டி ஓடிய காலம்.
ஒரு மூடி பெற்றோலை மணக்கக் காட்டி
எஞ்சினை எழுப்புவார்களாம்.
அப்படி எழும்பாமல் எழும்பிய காரில்தான்
என்னைப் பெற அம்மாவை ஏற்றினார்கள்.
அந்தச் செலவை ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கிளினிக்.
ஏசி போடவில்லை.
கண்ணாடியை இறக்கினால் புழுதி,
ஏற்றினால் வேர்வை.
பின்சீற்றில் கவிசன்
ஒவ்வொரு கட்டம் விழும்போதும்
"அவுட்!" என்று கத்தினான்.

வவுனியாவில் சார்ஜ் பண்ணும் பெட்டி இருந்தது.
அதன் வாயைப் பொலித்தீன் பையால் கட்டியிருந்தார்கள்.
லொட்ஜ் ஒன்றின் முன்சுவரில் வயரைக் கொழுவி
நாலு மணித்தியாலம்.
போதும் என்றது என் கணக்கு.
எதிர்க்காற்றை நான் கணக்கில் எடுக்கவில்லை.

மாங்குளத்துக்கு வர
முகப்பில் ஓர் ஆமை முளைத்தது.
மஞ்சள் ஆமை.
இனி இப்படித்தான் போவேன் என்று அர்த்தம்.
கவிசனுக்கு ஒரே சந்தோசம்.

வெல்டிங் கடை நேசராசா
கேற் ஒன்றுக்குப் பூ வைத்து ஒட்டிக்கொண்டிருந்தார்.
"நான் ஒட்டினால் உங்கட கார் குடிக்காது,
அது குடிச்சால் நான் ஒட்டேலாது.
லைன் அவ்வளவுதான் தங்கச்சி."
சொல்லிவிட்டுத் தன் மெசினை நிற்பாட்டினார்.
ஒன்றரை மணித்தியாலம்
அரைவாசிப் பூவோடு கேற் சாய்ந்து கிடந்தது.

"எவ்வளவு அண்ணை?"
"இதுக்கு இன்னும் விலை வரேல்லை."
யூனிற்றை நான் கணக்குப் பார்க்கலாம்.
அவர் சும்மா இருந்த நேரத்தை எந்த யூனிற்றில் போடுவது?
ஐந்நூறு ரூபாயை வைத்தேன்.
இருநூறைத் திருப்பித் தந்தார்.

பிறகு குனிந்து காருக்குள் பார்த்தார்.
"கிளச் எங்க?"
"இல்லை," என்றார் செல்வரூபன்.
"கியரும் இல்லை. இடது காலுக்கு வேலையே இல்லை."
நேசராசாவின் கண்
காற்சட்டையின் இடது பக்கம் மெல்ல இறங்கி,
சப்பாத்து ஏறாத அந்த றப்பர்ப் பாதத்தில் நின்று,
திரும்பி வந்தது.
"அப்ப சரி," என்றார்.
"அடுத்த முறை வெளிக்கிட முந்தி ஒரு கோல் எடுங்கோ.
வேலையைத் தள்ளி வைக்கிறன்."

பதினொரு வருசம் மோட்டார்சைக்கிளை நான் ஓட்ட
பின்னால் இருந்தவர்.
இப்போது இடது சீற்றில் நான்,
மடியில் கொப்பி.

ஒட்டுசுட்டான் வீதியில் இருட்டிவிட்டது.
ஒன்பதாவது கிலோமீற்றரில்
இரண்டு பெரியது, ஒரு குட்டி,
நடு றோட்டில்.
செல்வரூபன் லைற்றைத் தணித்தார்.
நிற்பாட்ட எஞ்சின் இல்லை.
உறுமல் இல்லை, புகை இல்லை.
கவிசன்கூட மூச்சை அடக்கிக்கொண்டான்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது.
நின்ற நேரத்தில்
ஒரு கட்டமும் விழவில்லை.
குட்டி எங்களை ஒருக்கால் பார்த்தது.
பிறகு அதுவும் காட்டுக்குள் போனது.