பிடிமானம்

காரைக்குடி, செக்காலை ரோடு, பகல் பன்னிரண்டு.
என் சிவப்பு வண்டி
பல்செட்டைக் கழற்றி வைத்த வாயோடு
ஜாக்கிகளின் மேல் நிற்கிறது.
இரண்டே பேர் உட்காரும் வண்டி.
ஒருவர் நான்.
பக்கத்து இருக்கையில் பெரும்பாலும்
ஜிஎஸ்டி ஃபைல்கள்.

மூன்று மாதமாக எழுதிய நோட்டை விரிக்கிறேன்.
ஆடிட்டர் புத்தி, கட்டம் கட்டமாய்க் கோடு போட்டு
விலை, எடை, தேய்மானம், ஈரத்தில் பிரேக்.
முதல் டயர் வெயிலில் பசையாகும்,
பத்தாயிரம் கிலோமீட்டரில் உயிரை விடும்.
இரண்டாவது மழையைப் பிளக்கும்,
திருப்பத்தில் மட்டும் ஒரு கணம் யோசிக்கும்.
மூன்றாவது அறுபதாயிரம் ஓடும்.
அதைப் போடுவதென்றால் இந்த வண்டி எதற்கு,
ஷேர் ஆட்டோ போதும்.

"எதுக்கா பிடிச்சிருக்கு?" என்கிறான் அனீஸ்.
"எது பிடிக்கும்?" என்கிறேன்.
ஒரே சொல்தான்.
அவன் என்னைக் கேட்டான்,
நான் ரோட்டைக் கேட்டேன்.

ஒரு டயர் தரையைத் தொடுவது
ஓர் உள்ளங்கை அளவுதானாம்.
ஒரு டன் இரும்பும் அறுபத்து மூன்று கிலோ நானும்
நாலு உள்ளங்கையை நம்பிப் போகிறோம்.
கானாடுகாத்தான் நேர் ரோட்டில்
முள் நூற்றைத் தாண்டும்போது
இதை நினைக்கக் கூடாது.
நினைப்பேன்.

இங்கே சித்திரையில் தார் இளகிச் செருப்பைக் கேட்கும்.
ஆத்தங்குடி வளைவில் டைல்ஸ் லாரி சிந்திய மணல்
சீனி தூவியதுபோல் கிடக்கும்.
ஐப்பசியில் ஒரே ராத்திரியில் கண்மாய் மறுகால் போனால்
ரோடு எங்கே என்று
புளியமரங்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.
கருவேல முள்ளுக்கு கம்பெனி பேதம் இல்லை.
இதற்கெல்லாம் நோட்டில் கட்டம் இல்லை.

அனீஸ் பழைய டயரை மடியில் போட்டுப் புரட்டுகிறான்.
பக்கவாட்டில் நான்கு எண்கள்.
பதினேழாம் வருஷம், இருபத்து மூன்றாம் வாரம்.
"ஜாதகம்" என்கிறான்.
பிறகு ஓரத்தை விரலால் தடவி, சிரிக்காமல்:
"இது இடது முன்னாடி டயரு.
வெளி ஓரத்துல புது முடிகூட உதிரலை பாருங்க.
வலது டயர்ல ஓரம் வழிச்சு எடுத்திருக்கு.
இடப்பக்கம் சூப்பரா திருப்புறீங்க.
வலப்பக்கம் வந்தா பயப்படுறீங்க."

நான் கணக்குப் பார்க்கிறவள்.
அடுத்தவர் பேரேட்டில் ஒரு வரியைத் தொட்டு
இங்கே எதையோ மறைத்திருக்கிறீர்கள் என்று சொல்லிச்
சம்பாதிக்கிறவள்.
என் பேரேடு கறுப்பாய், வட்டமாய்
ஒருவன் மடியில் கிடக்கும் என்று
நினைக்கவில்லை.

மூன்று வருஷம் முன்பு, கோவிலூர் தாண்டி,
தூறல். வலது வளைவு.
வண்டி ஒரு சுற்றுச் சுற்றி
வந்த திசையையே பார்த்து நின்றது.
யாருக்கும் எதுவும் ஆகவில்லை.
ஓர் ஆடு மென்றுகொண்டே பார்த்தது.
வீட்டில் சொல்லவில்லை.
எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.
ரப்பரிடம் எப்போது சொன்னேன்?

"டயர் மாத்தினா பயம் போயிருமா?"
"பயம் போகாது. வண்டி போகும்."

இரண்டாவதைக் காட்டுகிறேன்.
ஒரு கணம் யோசிக்கிறதா,
யோசிக்கட்டும்.
நானும்தான் யோசிக்கிறேன்.

காற்று முப்பத்திரண்டு. அலைன்மென்ட்.
எழுபத்தோராயிரத்து முந்நூறு.
பில்லை மடித்துக் கொடுக்கும்போது சொல்கிறான்:
"புது ரப்பர் மேல ஒரு வழவழப்பு இருக்கும்க்கா.
இருநூறு கிலோமீட்டர் ஓடினாத்தான் போகும்.
அதுவரைக்கும் அறுபதுக்கு மேல வேண்டாம்."

ஆக, வேகத்தை விலைக்கு வாங்கிக்கொண்டு
உருட்டிக்கொண்டு போகிறேன், கோவிலூர் வழியாக.
பின்னால் ஹார்ன்.
குன்றக்குடி டவுன் பஸ்.
படியில் தொங்கும் பையன்கள் விசிலடிக்க
மொழுமொழுவென்ற மொட்டை டயர்களோடு
என்னை முந்துகிறது.
போகட்டும்.

வலது வளைவு.
ஐம்பத்தெட்டு.
பிரேக்கில் கால் வைக்கவில்லை.

இடது முன் டயரின் வெளி ஓரத்தில்
கொஞ்சம் முடி உதிர்ந்திருக்கும்.