தண்ணிக்கு மூணு கிலோ

அப்புத்தளை மண்டபத்தில் பன்னிரண்டு பேர்.
ஆளுக்கொரு டோர்ச், ஒரு விசில், ஒரு கொப்பி,
தோட்டத்துக்கு ஒரு மழைமானி.
சேனாதீர ஐயா சிங்களத்தில் சொன்னார்,
பிரதீபன் தமிழில் சொன்னான்,
தகரத்தின் மேல் மழை
இரண்டு பேரையும் பேசவிடவில்லை.

"கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டு வாங்க.
எக்கிப் பார்த்தாலும் பிழை, மேலிருந்து பார்த்தாலும் பிழை.
நடுவில் சின்னதாய்க் குழி விழும்,
அந்தக் குழியின் அடிதான் கணக்கு."

பத்தொன்பது வருஷம் தராசுக்கு முன்னால் நின்றவள் நான்.
முள்ளை நேராகப் பார்க்க
யாரும் சொல்லித் தந்ததில்லை.
மழை நாளில் கொழுந்து நனைந்து வரும்.
"தண்ணிக்கு மூணு கிலோ" என்று
கணக்கப்பிள்ளை வாயாலேயே கழிப்பார்.
எவ்வளவு தண்ணி என்று கேட்டவளுக்கு
நாலு.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு
திரையில் அடையாளங்கள் வந்தன.
சுவரில் வெடிப்பு. இறுகிப்போன கதவு.
சாய்ந்த கம்பம். இல்லாத இடத்தில் ஊற்று.
ஒன்றைக் கண்டாலும் வெளியேறுங்கள் என்றார்கள்.

பின்வரிசையில் சிவனம்மா எழுந்தாள்:
"ஆறாம் காம்பரா கதவ
நான் வாக்கப்பட்டு வந்த நாள்லருந்து
ஒதச்சுத்தான் தொறக்கிறேன்.
செவத்து வெடிப்புல சீப்பு சொருகி வைக்கிறேன்.
எந்த வெடிப்பப் பாத்து ஓடணும், ஐயா?"

அதை மொழிபெயர்க்கப் பிரதீபனுக்கு
வழக்கத்தைவிட நேரம் எடுத்தது.
ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மாட்டினார். மறுபடியும் கழற்றினார்.
"வெடிப்பின் இரண்டு முனையிலும்
பென்சிலால் கோடு போடுங்க.
திகதி எழுதுங்க.
கோட்டைத் தாண்டினால் அது புதுசு."

அன்றிரவே போட்டோம்.
பன்னிரண்டு காம்பரா, நாற்பத்தொரு வெடிப்பு.
பென்சில் கட்டையாகிவிட்டது.
சிவனம்மா சீப்பை உருவி எடுத்தாள்.

எழுபத்தைந்தில் விழித்திரு,
நூறில் மூட்டை கட்டு,
நூற்றைம்பதில் கிளம்பு:
கொப்பியின் அட்டையில் எழுதி வைத்திருந்தேன்.

ஐப்பசியில் ஒரு வியாழன்.
பத்து மணிக்கு அறுபத்திரண்டு.
பிள்ளைமடுவத்துக்குப் பின்னால்
மரம் கவியாத மேட்டில் மழைமானி,
போய் வர நூற்றிருபது படி.
பன்னிரண்டுக்கு எண்பத்தெட்டு.
ஒன்று நாற்பதுக்கு நூற்று நாலு.
மூன்று பத்துக்கு முழங்காலில் இருந்து
டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
குழியின் அடியைப் பார்த்தேன்.
நூற்று முப்பத்தொன்று.

நூற்று முப்பத்தொன்றுக்கு
அட்டையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.
போனில் ஒரு கோடுகூட இல்லை.

ஆறாம் காம்பராவுக்கு ஓடினேன்.
சிவனம்மா முழித்துக்கொண்டுதான் இருந்தாள்,
சுவரை நோக்கி விளக்குப் பிடித்தபடி.
வெடிப்பு கோட்டைத் தாண்டியிருந்தது.
நகத்தின் அகலம்.
அதற்கு மேல் இல்லை.

விசிலை எடுத்து ஊதினேன்.

பாடசாலை வரைக்கும் என்னைத் திட்டினார்கள்.
ஜோதிவேல் தோளில் டீவியும்
அதற்கு மேல் பிள்ளையுமாய் வந்தான்.
யாரோ ஒரு பானைச் சோற்றை
அப்படியே தூக்கி வந்திருந்தார்கள்.
விடியும் வரை
எல்லோரும் மலையையே பார்த்திருந்தோம்.
மலை வரவில்லை.

எட்டரைக்கு நூற்று நாற்பத்தாறு.

பெரட்டுக்கு யாரும் போகவில்லை,
யாருக்கும் பேர் இல்லை.
குடையோடு வந்த கணக்கப்பிள்ளை
கொப்பியை எட்டிப் பார்த்தார்.
"நாலுதானே குறையுது,
நூத்தம்பதுன்னு போட்டுக்க.
தொரகிட்ட நானே பேசி
அரைப் பேராவது வாங்கித் தாறேன்."

திரும்பி ஜோதிவேலைப் பார்த்தேன்.
அவன் வேறு பக்கம் பார்த்தான்.
பிள்ளைக்குப் பால்மா வாங்க வேண்டும் அவனுக்கு.

நூற்று நாற்பத்தாறு என்றுதான் எழுதினேன்.
கை நடுங்கியதில்
ஆறு கொஞ்சம் எட்டு மாதிரி விழுந்தது.
அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்.

மழைமானியைக் கவிழ்த்துக் கழுவி
மறுபடி நிறுத்தினேன்.
சிவனம்மா பழைய கோட்டை அழிக்கவில்லை.
தள்ளி இன்னொன்று போட்டு
வெள்ளிக்கிழமை என்று எழுதினாள்.
சீப்பு இன்னும் அவள் கொண்டையில்தான் இருக்கிறது.