ஆறாம் எண் உணரி

பத்தே கிலோமீட்டர்.
திருச்சியிலிருந்து வந்த சம்பந்தி
பாலத்தில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு
"இதையா ஆறு என்கிறீர்கள்?" என்றார்.
காவிரியின் அகலம் பார்த்த கண்.
நான் சிரித்து வைத்தேன்.
காலாங்கின் குணம் அகலத்தில் இல்லை,
நேரத்தில் இருக்கிறது.
கணுக்காலில் கிடக்கும் தண்ணீர்
கழுத்துக்கு வர
ஒரு கோப்பி ஆறும் நேரம் போதும்.

பீஷான் பூங்காவில்
என் பொறுப்பில் ஒன்பது உணரிகள்.
ஆறாவது மட்டும் அடிக்கடி பொய் சொல்லும்.
சிலந்தி கூடு கட்டினாலும்
வெள்ளம் என்று அலறும்.
வாரம் ஒருமுறை
பழைய பல்துலக்கியால் அதன் வாயைத் துடைப்பேன்.

முன்பு இங்கே ஓடியது
சிமெண்டில் வார்த்த ஒரு நேர்கோடு.
வளைந்து வளைந்து வீடுகளுக்குள் நுழைந்ததை
இழுத்து நிமிர்த்தி, இருபுறமும் வேலி போட்டு
கடலுக்குப் போ என்றார்கள்.
போனது.
போன வேகத்தில்
கீழே இருந்தவர்களின் கதவில் முட்டியது.
பிறகு வேறு ஆட்கள் வேறு கணக்குப் போட்டு
வளைத்துவிடச் சொன்னார்கள்.

ஹஃபீஸ், என்னோடு வேலை பார்ப்பவன்,
அந்தச் சிமெண்டை உடைத்த இயந்திரத்தை ஓட்டியவன்.
ஊற்றியவர்களில் ஒருவர் அவன் அப்பா.
இருவருமே செய்தது சரியான வேலைதான் என்பான்,
அந்தந்த ஆண்டுக்கு.

காகிதத்தில் ஒருவர் வளைத்த வளைவு.
முதல் பெருமழையிலேயே
மூன்றாம் திருப்பத்தின் வெளிக்கரையை
நாலடி தின்றுவிட்டு
எதிர்ப்பக்கம் மணலாகத் துப்பியது.
பாறை அடுக்கினோம்.
அடுத்த மழையில்
பாறைக்குப் பின்னால் போய்க் குடைந்தது.

ஆற்றுக்கு நினைவு உண்டு என்று
மேடையில் பேசுகிறவர்கள் சொல்வார்கள்.
நினைவெல்லாம் இல்லை.
சரிவு தெரியும், அவ்வளவுதான்.
பழைய தடத்தை அது தேடுவதில்லை.
தாழ்ந்த இடத்தைத் தேடுகிறது.
என் புளோக்கின் மின்தூக்கிக் குழி
அதில் ஒன்று.

டிசம்பர், செவ்வாய், நாலு பதினெட்டு.
ஆறாவது அலறியது.
சிலந்தி என்றுதான் நினைத்தேன்.
அங் மோ கியோ பக்கம் திரும்பினால்
வானம், அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியின் அடிப்புறம்.
ஏழாவதும் அலறியது.
சிவப்பு விளக்கு. சங்கு.
ஓடினேன்.

ஆற்றின் நடுக்கல்லில் ஒரு மணப்பெண்.
வெள்ளை கவுனின் வால் நீரில் மிதக்கிறது.
கரையில் புகைப்படக்காரர்: இன்னும் ஒன்றே ஒன்று.
மாப்பிள்ளை என் சீருடையைப் பார்த்தான்,
தலைக்குமேல் பார்த்தான்.
இங்கே இன்னும் தூறல்கூட இல்லை.
எனக்குத் தெரிந்த எந்த மொழியிலும்
விளக்க நேரமில்லை.
கவுனின் வாலைச் சுருட்டி
என் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன்.
அவள் வரவேண்டியதாயிற்று.

மேடேறித் திரும்பியபோது
கற்களைக் காணவில்லை.
பழுப்பு மட்டும்.
ஒரு நெகிழி நாற்காலி நிமிர்ந்தபடியே போனது,
யாரோ உட்கார்ந்து பயணம் செய்வதுபோல.
ஷு யின், பெயரைப் பிறகுதான் சொன்னாள்,
ஈர வாலை என் தோளிலிருந்து எடுக்க மறந்து
பார்த்துக்கொண்டே நின்றாள்.
புகைப்படக்காரர் எடுக்காமல் விட்ட படம் அது.

நாற்பது நிமிடம்.
புல்வெளி வயிறு முட்டக் குடித்தது.
அதற்காகத்தான் அதைத் தாழ்வாக வைத்தோம்.
கீழே எந்தக் கதவும் நனையவில்லை,
இந்த முறை.

மறுநாள் பல்துலக்கியோடு போனேன்.
உணரியின் வாயில் சிலந்தி இல்லை.
ஒரு துண்டு வலைத்துணி, அதில் மூன்று பாசிமணி.
மூன்றாம் திருப்பத்தில் கரை
இன்னும் ஓரடி போயிருந்தது.
ஹஃபீஸ் அளவுநாடாவைப் பிடித்தான்.
நான் அழிப்பானைத் தேடினேன்.

எங்கள் வரைபடத்தில்
சாலைகள் மையில், கட்டடங்கள் மையில்.
கரை மட்டும் பென்சிலில்.