பதினேழாம் கேள்வி

அஹ்வாஸ் நகரில் முதல் மழைக்கு
யாரும் கை நீட்டுவதில்லை.
ஏழு மாத வெயிலுக்குப் பிறகு
காரூன் ஆற்றின் மேல் மேகம் கறுத்தால்
ஜன்னல்களைச் சாத்துகிறோம்.
ஈரத்துணியால் கதவிடுக்கை அடைக்கிறோம்.
இன்ஹேலரைக் காதருகே ஆட்டிப் பார்க்கிறோம்,
எத்தனை மூச்சு மிச்சமென்று.

அன்று மாலை நாலரைக்குப் பெய்தது.
இருபது நிமிடம். புழுதி அடங்கக்கூடப் போதாது.
ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் கார்கள்.
டாக்ஸிக்காரர் ஒருவர் பயணியை இறக்கிவிட்டுத்
தானும் இறங்கி வரிசையில் நின்றார்.
கல்யாண உடையில் ஒரு பெண்,
செருப்பு கையில்.
ஒரு நெபுலைசருக்கு மூன்று பேர்.
முகமூடி கைமாறும் இடைவெளியை
அவரவர் விரல்விட்டு எண்ணினார்கள்.

நான் வைத்தியம் அறிந்தவள் அல்ல.
சுகாதாரத் துறையின் கணக்குக்காரி.
கையில் முப்பத்துநாலு கேள்விகள்,
நூலில் கட்டிய பேனா.
மூச்சு விட முடியாதவர்களிடம்
பேச்சுக் கேட்பது என் உத்தியோகம்.

எட்டு: புகைப்பதுண்டா.
பன்னிரண்டு: வீட்டருகே எரிவாயுச் சுடர் உண்டா.
(யார் வீட்டருகே இல்லை?
மின்சாரம் போன இரவுகளில்
அந்த வெளிச்சத்தில்தான் பரீட்சைக்குப் படித்தேன்.)
பதினைந்து: கரும்புக் காடு கொளுத்திய நாளில் வெளியே இருந்தீர்களா.
பதினேழு: உங்கள் வாசலிலிருந்து
மிக அருகிலுள்ள கோனோகார்பஸ் மரம்
எத்தனை மீட்டர்.

ஜாசிம் மஸ்ரே, நாற்பத்தொன்பது.
பேச்சு எழவில்லை. விரல் காட்டினார்: மூன்று.
பிறகு உள்ளங்கையைத் தன் நெஞ்சில் வைத்தார்.
வலிக்கிறதா என்றேன்.
தலையை ஆட்டி, பேனாவை இழுத்தார்.
நூல் எட்டிய மட்டும்
படிவத்தின் ஓரத்தில் எழுதினார்:
நட்டவன் நான்.

மாநகராட்சித் தோட்டக்காரர்.
மூச்சு திரும்பிய பின் சொன்னார்:
நாற்றுகள் லாரியில் வந்திறங்கிய நாளில்
உப்புத் தண்ணீரிலும் சாகாத செடியென்று
மிட்டாய் கொடுத்தார்களாம்.
விமான நிலையச் சாலை, பள்ளிக்கூட மதில்,
இந்த ஆஸ்பத்திரியின் பின்கட்டு.
எப்படியும் ஆயிரத்துக்குக் குறையாது என்றார்.
குற்றமா பெருமையா,
குரலில் பிரித்தறிய முடியவில்லை.

கணினியில் ஓரத்துக்கென்று கட்டம் கிடையாது.
மூன்று என்று மட்டும் ஏற்றினேன்.

வசந்தத்தில் அறிக்கை முடிந்தது.
மகரந்தமாக இருக்கலாம்.
வற்றிய சதுப்பு நிலத்தின் தூசியாக இருக்கலாம்.
மழைத்துளி பட்டு மகரந்தம் வெடித்து
நுரையீரலின் கடைசிச் சந்துவரை போயிருக்கலாம்.
தொடர்பு உண்டு; காரணம் என்று சொல்வதற்கில்லை.
அந்த அரைப்புள்ளியை வைப்பதா எடுப்பதா என்று
எங்கள் பேராசிரியை சுதாபே
பதினோரு இரவு தூங்கவில்லை.

நகராட்சி அரைப்புள்ளிவரை படிக்கவில்லை.
மரம் அறுக்கும் வண்டி வந்தது.
சுடரை அறுக்க
வண்டி ஏதும் வரவில்லை.

ஜூலை. ஐம்பது டிகிரி.
பேருந்து நிறுத்தத்தில் பெண்கள்
விளக்குக் கம்பத்தின் நிழலில்
ஒருவர் பின் ஒருவராய்
கோடு கிழித்தது போல் நிற்கிறார்கள்.
அடிக்கட்டைகளுக்கு யாரும் நீர் விடவில்லை.
இருந்தும் துளிர்த்தன.
கிள்ளிவிட வேண்டும் என்று ஜாசிமுக்கு உத்தரவு.
விடியலில் வருகிறார், முகமூடி போட்டுக்கொண்டு.
எங்கள் வாசல் கட்டையில் மட்டும்
இரண்டு இலை தப்பியிருப்பதைப் பார்த்தேன்.
யாரிடமும் சொல்லவில்லை.
எனக்கும் ஆஸ்துமா உண்டு.

இது நவம்பர். மழை இன்னும் இறங்கவில்லை.
படிவத்தில் ஒரு கேள்வியைக் கூட்டியிருக்கிறேன்.
முப்பத்தைந்து: வேறு ஏதேனும் சொல்ல வேண்டுமா.
இதை எப்படி எண்ணுவாய் என்றார் சுதாபே.
தெரியாது என்றேன்.
நாலு கோடு இடம் விட்டிருக்கிறேன்,
பேனாவின் நூலையும்
கொஞ்சம் நீளமாகக் கட்டியிருக்கிறேன்.